உறக்கம் வராத இரவுகளில்...



பகலில் கவலைக்கு நம்மிடம் இடம் குறைவு. அடுப்படி அழைக்கிறது, கடை அழைக்கிறது, பிள்ளைகள் அழைக்கிறார்கள். வாசலில் காத்திருக்கும் கடன்காரனைப் போலக் கவலை ஒதுங்கி நிற்கிறது. இஷாத் தொழுகை முடிந்து, விளக்கணைந்து, வீடு அடங்கிய பிறகு அது உள்ளே வந்து தலைமாட்டில் அமர்கிறது. அதன் பிறகு நம்மை அதனிடமிருந்து அழைத்துச் செல்ல யாரும் இல்லை.

மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்துவிட்டுப் பணம் புரளாமல் திகைக்கும் தந்தை, கடல் கடந்து பிழைக்கச் சென்ற மகனிடமிருந்து நான்கு நாட்களாகச் செய்தி வராத தாய், மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருக்கும் குடும்பம் ஆகிய இவர்களெல்லாம் நள்ளிரவு இரண்டு மணி எவ்வளவு நீளமானது என்பதை அறிவார்கள். இதனைப் படிக்கும் உங்களிலும் அதனை அறிந்தவர் பலர் இருப்பீர்கள். இம்மாதம் உங்களோடுதான் பேச விரும்புகிறேன்.

ஒன்பது இரவுகள்

சென்ற ஆண்டு என் மனைவியின் கழுத்தோரத்தில் சிறு கட்டி ஒன்று தோன்றியது. வலி இல்லை. 'வலி இல்லாத கட்டியைத்தான் கவனிக்க வேண்டும்' என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். மருத்துவர் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாட்கள் ஆகும் என்றார்கள்.

நான் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன். கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்று பட்டம் பெற்றவன். எத்தனையோ வீடுகளில், எத்தனையோ துயரங்களின்போது, 'ஸபர் செய்யுங்கள்' என்று எளிதாகச் சொல்லிவிட்டு வந்தவன். அந்த இரவுகளில் அச்சொல் என்னிடமே திரும்பி வந்தது. அதன் கனத்தை அப்போதுதான் உணர்ந்தேன். படுத்தபடியே ஓதினேன். நாவு ஓதியது, மனமோ மருத்துவமனையின் நடைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. எந்த வசனத்தில் இருக்கிறேன் என்பதே தெரியாமல் மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பினேன். என் ஈமானில்தான் ஏதோ குறை என்று அஞ்சினேன். கவலையோடு வெட்கமும் சேர்ந்துகொண்டால் உறக்கம் எங்கிருந்து வரும்?

அவள் உறங்குகிறாள் என்று எண்ணி, நான்கு இரவுகள் அசையாமல் படுத்திருந்தேன். ஐந்தாம் இரவு இருளில் மெல்லிய முனகல் கேட்டது. வலியோ என்று பதறித் திரும்பினேன். முனகல் அன்று அது, முனாஜாத்து. அவளுடைய நன்னி பாடக் கேட்டு வளர்ந்த பாட்டு. ஒவ்வோர் அடியும் இறைவனை அழைத்து அழைத்து முடிகின்ற பழைய ராகம்.

"நீங்களும் தூங்கலியா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"நான் அசைஞ்சா நீங்க முழிச்சுக்குவீங்கன்னு சும்மா படுத்திருந்தேன்" என்றாள்.

நானும் அதே காரணத்தால்தான் சும்மா படுத்திருந்தேன். ஒருவருக்காக ஒருவர் உறங்குவது போல நடித்து, இருவரும் தனித்தனியே விழித்திருக்கிறோம்!

அவளுக்குப் பாட்டின் நடுவே இரண்டு அடிகள் மறந்து போயிருந்தன. அந்த இடத்தில் ராகத்தை மட்டும் இழுத்துவிட்டு அடுத்த அடிக்குப் போனாள். முனாஜாத்து இயற்றிய புலவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். அவர்கள் எந்த நூற்றாண்டினர் என்பதும் தெரியும். ஆனால் ஒரு முனாஜாத்துக்கூட முழுமையாக வராது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அவளுக்குப் புலவர் பெயர் தெரியாது, பாட்டு வந்தது. நானும் கூடச் சேர்ந்து முணுமுணுத்தேன். பிறகு இருவரும் எழுந்து, ஒளூச் செய்து, இரண்டு ரக்அத் தொழுதோம். அன்று ஓதியது மனத்தில் நின்றது.

இது எப்படி நிகழ்ந்தது என்று பிறகு பல நாட்கள் சிந்தித்தேன். அச்சிந்தனை என்னை நம் வரலாற்றின் இரண்டு உறக்கமற்ற இல்லங்களுக்கு அழைத்துச் சென்றது.

அன்னை ஆயிஷாவின் இரவுகள்

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பிய வரலாற்றை அறிவீர்கள். மதீனா திரும்பியதும் அன்னையார் ஒரு மாத காலம் நோயுற்றுக் கிடந்தார்கள். ஊரில் பேசப்படுவது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததும் தாய்வீடு சென்றார்கள். இரண்டு இரவுகளும் ஒரு பகலும் கண்ணீர் நிற்கவில்லை, கண்ணில் உறக்கம் படியவில்லை. அழுது அழுதே மகளின் ஈரல் வெடித்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினர். அப்போது அன்சாரிப் பெண்மணி ஒருவர் அனுமதி கேட்டு உள்ளே வந்தார். அவர் ஆறுதல் மொழி எதுவும் கூறியதாகச் செய்தி இல்லை. அன்னையாரின் அருகே அமர்ந்து, கூட அழுதார், அவ்வளவுதான்.

சகோதரிகளே, இந்தப் பெண்மணியின் பெயரைக்கூட அறிவிப்பு நமக்குச் சொல்லவில்லை. ஆயினும் துயருற்றோர் வீட்டுக்குச் செல்லும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அவரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் வந்து அமர்ந்து வினவியபோது, பதில் கூறுமாறு அன்னையார் தம் தந்தையை வேண்டினார்கள். தந்தைக்கு வாய் எழவில்லை. தாயை வேண்டினார்கள், அவருக்கும் சொல் இல்லை. அப்போது அன்னையார், தம் நிலைக்கு யூசுஃப் நபியின் தந்தை கூறியதைத் தவிர வேறு உவமை காணவில்லை என்றார்கள். மகனைப் பிரிந்த யஅகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டு இறைவனிடமே உதவி தேடிய வரலாறுதான் அது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தத் துயரத்தில் யஅகூப் என்னும் பெயரே அன்னையாரின் நினைவுக்கு வரவில்லை. ஆதலால்தான் 'யூசுஃபின் தந்தை' என்றார்கள் என்று அறிவிப்புகளில் காண்கிறோம். தாம் அப்போது வயதில் இளையவர் என்றும், குர்ஆனில் அதிகம் ஓதியிராதவர் என்றும் அவர்களே கூறியிருக்கிறார்கள்.

பெயர் மறந்தது, பொருள் மறக்கவில்லை. முன்பொரு நாள் அமைதியான வேளையில் உள்ளத்தில் இறங்கிய ஒரு வரலாறு, தாயும் தந்தையும் பேச இயலாத வேளையில் தானே எழுந்து வந்து பேசிற்று. பிறகு அன்னையாரின் தூய்மையை அறிவித்து அந்நூர் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் முதலானவை இறங்கின.

என் மனைவி இரண்டு அடிகளை மறந்தும் பாட்டைத் தொடர்ந்தது நினைவுக்கு வந்தது. இரவு என்பது சேமிக்கும் வேளை அன்று. சேமித்ததை எடுக்கும் வேளை. பகலில் உள்ளத்துள் போட்டு வைத்ததுதான் இரவில் கைக்கு வரும்.

ஒரு கவிஞரின் ஐம்பது இரவுகள்

மற்றோர் இல்லம் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களுடையது. ஹஸ்ஸான் பின் ஸாபித், அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) ஆகியோருடன் பெருமானாரின் கவிஞர்களாகப் போற்றப்பட்டவர் அவர். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக் பயணத்துக்கு இன்று புறப்படுவோம், நாளை புறப்படுவோம் என்று நாட்களைக் கடத்தி, இறுதியில் போகாமலே தங்கிவிட்டார். பெருமானார் திரும்பியதும் தங்கிவிட்டவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். வாதத்திறமையும் சொல்வன்மையும் வாய்க்கப்பெற்ற கஅபுக்கு ஒரு சாக்குப் புனைவது அரிய செயல் அன்று. ஆயினும் தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்ற உண்மையையே சொன்னார். தம் சொல்வன்மையைப் பொய்க்குப் பயன்படுத்த அந்தக் கவிஞர் மறுத்துவிட்டார்.

அவரோடும், அவரைப் போலவே உண்மை உரைத்த முராரா பின் ரபீஉ, ஹிலால் பின் உமய்யா (ரலி) இருவரோடும் எவரும் பேசக்கூடாது என்று கட்டளை பிறந்தது. இருவர் வீட்டிலேயே அழுது கிடந்தனர். கஅப் மட்டும் பள்ளிக்கும் கடைவீதிக்கும் போய் வந்தார். தொழுகைக்குப் பின் பெருமானாருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல அந்த இதழ்கள் அசைந்தனவா என்று கவனிப்பார். உயிருக்குயிரான அபூகதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவர் ஏறிச் சென்று ஸலாம் சொன்னார், பதில் இல்லை. இதற்கிடையே கஸ்ஸான் மன்னனிடமிருந்து, தம்மிடம் வந்துவிடுமாறு அழைப்புக் கடிதம் வந்தது. அதனை அடுப்பில் இட்டு எரித்தார். பூமி இவ்வளவு விரிந்து கிடந்தும் அம்மூவருக்கும் அது நெருக்கடியாகிவிட்ட நிலையை அத்தவ்பா அத்தியாயத்தின் 118ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. விழித்துக் கிடக்கும் இரவில் படுக்கையறையின் நான்கு சுவர்களும் நெருங்கி வருவது போல் தோன்றுமே, அந்த நிலையை இறைவன் அறிவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐம்பதாம் இரவு கழிந்தது. வீட்டு மாடியில் ஸுப்ஹுத் தொழுதுவிட்டு அமர்ந்திருந்த கஅபின் காதில், ஸல்உ மலை மீதிருந்து ஒருவர் உரத்துக் கூவும் நற்செய்தி விழுந்தது. அப்படியே ஸஜ்தாவில் வீழ்ந்தார். நேரில் வந்து நற்செய்தி சொன்னவருக்குத் தம் மேலாடைகள் இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். அன்று அவரிடம் வேறு உடை இல்லை. இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு பெருமானாரைக் காணச் சென்றார்.

நாற்பத்தொன்பதாம் இரவில் கஅபுக்கு ஐம்பதாம் விடியல் தெரியாது. அதுதான் இரவின் கொடுமை. ஆயினும் பதில் வராத ஸலாமை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கவிதைக்கு இங்கே என்ன வேலை?

'இறைமறை இருக்கப் பாட்டு எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வீண் கற்பனைகளில் அலைகின்ற கவிஞர்களைத் திருமறை கண்டிக்கிறது. ஆனால் ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, இறைவனை அதிகம் நினைப்பவர்களை அதே இடத்தில் விலக்கியும் காட்டுகிறது. கவிதையில் ஞானம் உண்டு என்பது பெருமானாரின் வாக்கு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் பசியும் குளிரும் அச்சமும் சூழ்ந்திருந்த வேளையில், மண் சுமந்துகொண்டே அப்துல்லாஹ் பின் ரவாஹாவின் அடிகளைப் பெருமானார் பாடினார்கள். அடிகளின் முடிவில் குரலை உயர்த்தினார்கள். அச்ச வேளையில் பாட்டு ஒரு துணை என்பதற்கு இந்த அகழியே சாட்சி.

வஹீ இறைவன் நம்மோடு பேசுவது. முனாஜாத்து நாம் இறைவனோடு பேசுவது. அந்த அரபுச் சொல்லின் பொருளே அந்தரங்க உரையாடல்தான். தமிழுக்கு முஸ்லிம்கள் கொண்டு வந்து சேர்த்த சிற்றிலக்கிய வகைகளில் கிஸ்ஸா, மஸ்அலா, நாமா ஆகியவற்றோடு முனாஜாத்தும் ஒன்று. அச்சம் மிகும்போது நமக்குச் சொல் வருவதில்லை. 'யா அல்லாஹ்' என்பதோடு நின்றுவிடுகிறோம். அதுவும் போதும்தான். ஆயினும் நமக்கு முன்பே அழுதவர்கள் தங்கள் அழுகைக்கு அமைத்துக்கொண்ட சொற்கள் நமக்கும் கைகொடுக்கின்றன. தனியே விழித்திருப்பதாக எண்ணிய நமக்கு, முந்நூறு ஆண்டுகளாக யாரோ உடன் விழித்திருப்பது தெரிகிறது.

எகிப்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் பூஸீரி அவர்கள், வாத நோயால் உடலின் ஒருபாதி செயலிழந்த நிலையில் இயற்றியதே 'புர்தா'. அதனைச் சொல்லிச் சொல்லி இறைஞ்சி அழுது உறங்கியபோது, பெருமானாரைக் கனவில் கண்டு நலம் பெற்றதாக அவர் கூறியதாய் வரலாறு. அதன் சில அடிகள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்கு இது இடமன்று. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. ஏறத்தாழ 160 அடிகள் கொண்ட அக்கவிதையின் பத்துப் பிரிவுகளில் கடைசிப் பிரிவு முனாஜாத்து. புகழ்ச்சியும் வரலாறும் முடிந்த பின், அந்தப் பெரும்புலவரும் கையேந்தித்தான் நிற்கிறார்.

நம் தமிழில் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் கண்ணி கண்ணியாகப் பாடி வைத்தார்கள். கண்ணி என்பது இரண்டே அடி. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். நீண்ட பாடலை நினைவில் நிறுத்த இயலாத கலங்கிய மனத்துக்கு ஏற்ற வடிவம் அது. கீழக்கரையில் 'மேல்வீட்டுப் பிள்ளை' என்று அழைக்கப்பட்ட சையிது ஆசியா உம்மா அவர்கள், வீட்டின் மேல்தளத்தில் தனித்திருந்து ஞானப் பாடல்கள் இயற்றினார்கள். இவர்களின் நூல்கள் நம் வீட்டு அலமாரிகளில் இருந்தவைதாம். அச்சுப் பிரதிகள் கரையானுக்குப் போயின. பாடிய நன்னிமார்கள் கப்ருக்குப் போனார்கள். இடையில் நாம் கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டோம்.

இன்றிரவு நீங்கள் விழித்திருந்தால்...

முதலாவதாக, உறக்கம் வரவில்லை என்பதற்காக உங்கள் ஈமானைச் சந்தேகிக்காதீர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு வராத உறக்கம் அது. பெருமானார் அவர்களே 'ஹம்மு', 'ஹஸன்' என்னும் இரண்டிலிருந்தும் இறைவனிடம் அடிக்கடி பாதுகாப்புத் தேடினார்கள். ஹம்மு என்பது வரப்போவதை எண்ணிக் கலங்குவது. ஹஸன் என்பது வந்து போனதை எண்ணி வருந்துவது. உங்களை விழிக்க வைப்பது இவற்றுள் எது என்று கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்த பகைவனைப் பற்றிய அச்சம் பாதியாகக் குறையும்.

இரண்டாவதாக, படுக்கையில் புரண்டுகொண்டே இராதீர்கள். வெகுநேரம் உறக்கம் வராவிட்டால் எழுந்து அமைதியான ஏதேனும் ஒன்றில் ஈடுபட்டுவிட்டு, உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்புமாறு இக்கால மருத்துவர்களும் சொல்கிறார்கள். எழுந்து ஒளூச் செய்யுங்கள். இரண்டு ரக்அத் தொழுங்கள். கைபேசியை மட்டும் தொடாதீர்கள். அதன் வெளிச்சம் உறக்கத்தை விரட்டும். அதில் வரும் செய்திகள் புதிய கவலைகளைக் கொண்டு வரும்.

மூன்றாவதாக, சிறியதைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரிகை சுழற்றிக் கை காய்த்துப்போய்ப் பணியாள் வேண்டி நின்ற அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு, உறங்கப் போகும்போது தஸ்பீஹ் 33, தஹ்மீது 33, தக்பீர் 34 முறை சொல்லுமாறு பெருமானார் கற்றுக்கொடுத்தார்கள். அதனை அலி (ரலி) அவர்கள் பிறகு ஒருநாளும் விட்டதில்லை. 'ஸிஃப்பீன் போர் இரவிலுமா?' என்று கேட்டதற்கு, 'ஸிஃப்பீன் இரவிலும்தான்' என்பதே அவர்களின் பதிலாக இருந்தது. போர்க்களத்து இரவுக்கும் போதுமானதாக இருந்தது நம் வீட்டு இரவுக்குப் போதாதா?

நான்காவதாக, பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அவரும் விழித்திருக்கக்கூடும்.

ஐந்தாவதாக, உறக்கமின்மை வாரத்தில் மூன்று இரவுகள், நான்கு இரவுகள் என்று மாதக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, தயங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு கட்டளையிட்டவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மருந்துண்பது தவக்குலுக்கு மாறானதன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, பகலில் சேமியுங்கள். வாரத்துக்குச் சில வசனங்களைப் பொருளோடு மனனம் செய்யுங்கள். நபிமார்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் படுக்கையில் சொல்லுங்கள். ஊரில் பழைய முனாஜாத்துத் தெரிந்த மூதாட்டி எவரேனும் இருந்தால், ஒரு மாலைப் பொழுது அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

முடிவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. நாங்கள் அஞ்சியது அன்று. கழுத்துக் கழலையில் காசநோய். ஆறு மாதங்கள் ஒரு நாளும் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டும் என்றார் மருத்துவர். அந்த ஆறு மாதங்களும் எளிதாகக் கழியவில்லை. அல்ஹம்து லில்லாஹ், கழிந்தன. முனாஜாத்துதான் அறிக்கையை மாற்றியது என்று நான் சொல்லவில்லை. அறிக்கை வேறுவிதமாக வந்திருந்தாலும் அந்த ஐந்தாம் இரவு பொய்யாகியிராது.

மறந்துபோன அந்த இரண்டு அடிகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அவளுடைய ஊரில் நன்னியின் தோழி ஒருவர் இருக்கிறாராம். வரும் விடுமுறையில் எங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு போய்க் கேட்டு வர எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அவளுக்கும் ஓர் இரவு வரும் அல்லவா?

விழித்திருக்கும் கண்களுக்கெல்லாம் இறைவன் அமைதியைத் தருவானாக! நோயுற்றோருக்கு நலத்தையும், காத்திருப்போருக்கு நற்செய்தியையும், எல்லா இரவுகளுக்கும் ஒரு ஸுப்ஹையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.